அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. கடைசி செமஸ்டரை எப்படி முடிப்பது?

கேள்வி: ஒட்டுசுட்டானைச் சேர்ந்த நான், வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பம்பைமடு வளாகத்தில் இறுதியாண்டு விஞ்ஞான மாணவி. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சுற்றாடல் விஞ்ஞான முதுமாணிப் படிப்புக்கு உதவித்தொகையுடன் அனுமதி கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் அங்கே வகுப்புகள் தொடங்கும். இதுவரை என் ஜி.பி.ஏ. (தரப்புள்ளிச் சராசரி) 4க்கு 3.45. ஆனால் கடிதம் வந்த நாளிலிருந்து பாடங்களில் மனம் ஒட்டவில்லை. பயணச் செலவுக்காக மாலையில் உயர்தர மாணவர்களுக்கு ரியூசன் சொல்லிக்கொடுக்கிறேன். வயல் உரம் குளத்து நீரை எப்படிப் பாதிக்கிறது என்ற என் ஆய்வுக்கு, முத்தையன்கட்டுக் குளத்தில் நீர் மாதிரிகள் சில இன்னும் எடுக்க வேண்டியுள்ளன. இந்த செமஸ்டரில் புள்ளிகள் குறைந்தால் அனுமதியைத் திரும்பப் பெற்றுவிடுவார்களா? எவ்வளவு குறைந்தால் ஆபத்து?

பதில்: ஏ வாங்கி வந்த இடத்தில் இரண்டொரு பி வந்ததற்காக எந்தப் பல்கலைக்கழகமும் உங்களை வேண்டாம் என்று சொல்லாது. ஒரு பாடத்தில் சித்தியடையாமல் போவதும், ஆய்வறிக்கை உரிய நாளில் முடியாமல் இழுபடுவதும் உண்மையான ஆபத்துகள். இரண்டுமே பட்டம் நிறைவாகும் திகதியைத் தள்ளிவிடும். புள்ளி சற்றுக் குறைந்தால் சமாளிக்கலாம், திகதி தவறினால் சமாளிப்பது மிகக் கடினம். இந்த மாதங்களில் எதை முதலில் செய்வது என்ற ஒவ்வொரு முடிவையும் இதை வைத்தே எடுங்கள்.

முதல் வேலை, அனுமதிக் கடிதத்தை மீண்டும் ஆறுதலாக வாசிப்பது. மகிழ்ச்சியில் முதல் பந்தியோடு நிறுத்திவிடுபவர்கள் பலர். நிபந்தனைகள் இரண்டாம் பக்கத்தில் இருக்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வழக்கமாகக் கேட்பவை இரண்டு: வகுப்புத் தொடங்குமுன் இளமாணிப் பட்டம் நிறைவாகியிருக்க வேண்டும், அதைக் காட்டும் இறுதிப் பெறுபேற்றுச் சான்றிதழ் அவர்களுக்கு நேரடியாக வந்து சேர வேண்டும். சில கடிதங்களில் குறிப்பிட்ட ஜி.பி.ஏ.க்குக் கீழே போகக்கூடாது என்றும் இருக்கும். உதவித்தொகைக் கடிதம் தனியாக வந்திருந்தால் அதற்கென வேறு நிபந்தனைகள் இருக்கலாம், அதையும் பாருங்கள். இங்கிலாந்துக்குப் போகும் நண்பர்களின் கதையை உங்கள் கதையோடு சேர்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே பல அனுமதிகள் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு போன்ற ஒரு வகுப்பை நிபந்தனையாக வைக்கின்றன. அது நிறைவேறும்வரை வீசாவுக்குத் தேவையான கடிதத்தைக் கொடுக்கமாட்டார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். உங்கள் பட்டம் மொத்தம் 120 கிரெடிட், அதில் 105 முடிந்து இந்த செமஸ்டரில் 15 மீதம் என்று வைத்துக்கொள்வோம். ஏ தரத்துக்கு 4, பிக்கு 3, சிக்கு 2 என்று புள்ளி. 3.45 என்பது இதுவரை 362.25 தரப்புள்ளிகள் (105 × 3.45). இரண்டாம் வகுப்பு மேற்பிரிவின் வழமையான எல்லை 3.30. அதற்கு மொத்தம் 396 தேவை. ஆக, மீதமுள்ள 15 கிரெடிட்டில் 33.75 எடுத்தால் போதும், அதாவது சராசரி 2.25. எல்லாப் பாடத்திலும் பி எடுத்தால்கூட உங்கள் இறுதி ஜி.பி.ஏ. 3.39 ஆக இருக்கும். எல்லாவற்றிலும் சி எடுத்தால் 3.27 ஆகி வகுப்பு ஒரு படி இறங்கிவிடும். உங்கள் பயம் உண்மை நிலையைவிடப் பெரியது என்பது இதில் தெரியும். அதேவேளை முற்றாகக் கையை விட்டுவிட முடியாது என்பதும் தெரியும். உங்கள் பீடம் ஆண்டுகளுக்கு வெவ்வேறு நிறை கொடுக்கிறதா, எந்தப் பாடங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதை மாணவர் கைநூலில் பார்த்து, இதே கணக்கை உங்கள் இலக்கங்களோடு ஒருமுறை போட்டுவிடுங்கள். இலக்கத்தைக் கண்ணால் கண்டால் பாதிப் பயம் போய்விடும்.

சித்தியடையாத ஒரு பாடத்தின் விளைவோ வேறு வகை. நம் பல்கலைக்கழகங்களில் அந்தப் பாடத்தை மீண்டும் எழுத, பெரும்பாலும் அடுத்த அணி மாணவர்கள் எழுதும்வரை காத்திருக்க வேண்டும். எழுதினாலும் பொதுவாக சி தரத்துக்கு மேல் தரமாட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை, அந்த ஒரு பாடத்துக்காகப் பட்டமே மாதக்கணக்கில் தள்ளிப்போய் உங்கள் ஆகஸ்ட் கைநழுவும். அதனால் உங்களுக்கு மிகப் பலவீனமான பாடம் எதுவோ, அதற்குத்தான் இந்த செமஸ்டரில் முதல் இடம். நன்றாக வரும் பாடத்தில் பி பிளஸ்ஸை ஏ ஆக்குவதற்கு இரவிரவாக விழித்திருப்பதைவிட, தடுமாறும் பாடத்தைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுவருவது மேல். வகுப்பு வரவையும் கவனியுங்கள். 80 வீதத்துக்குக் குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போனால், படித்ததெல்லாம் பயனில்லை.

ஆய்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையாகக் கவலை தந்த வரி அதுதான். குளம் உங்களுக்காகக் காத்திருக்காது. கச்சான் என்னும் வரண்ட மேல்காற்று அடிக்கத் தொடங்கி, சிறுபோக நெற்செய்கைக்கு நீரும் திறந்துவிட்டால் முத்தையன்கட்டில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகும். நீர் குறையக் குறைய அதில் கரைந்திருப்பவற்றின் செறிவு மாறும். பிந்தி எடுக்கும் மாதிரியை முந்தி எடுத்ததோடு ஒப்பிட்டால், நீங்கள் காண்பது உரத்தின் விளைவா, வரட்சியின் விளைவா என்று பரீட்சகர் கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் வகையில் ஆய்வை மாற்றி எழுதவே இன்னொரு மாதம் போய்விடும். எனவே, மீதி மாதிரிகளை எடுக்கும் நாட்களை இந்த வாரமே மேற்பார்வையாளரோடு பேசி முடிவு செய்யுங்கள். வெப்பநிலையையும் கரைந்த ஒட்சிசனையும் குளத்தடியிலேயே அளந்துவிடுங்கள். நைத்திரேற்று, பொசுபேற்றுக்கான மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சோதிக்க வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை மாதிரி எடுத்து, பஸ்ஸில் வவுனியா வந்து, சனியும் ஞாயிறும் ஆய்வுகூடம் பூட்டியிருக்கக் கண்டு திகைத்து நிற்க வேண்டாம். திங்கள் அல்லது செவ்வாய் காலையில் எடுப்பதுதான் புத்தி. முன்னுரை, இலக்கிய மீளாய்வு, ஆய்வுமுறை ஆகிய மூன்று அத்தியாயங்களுக்கும் முடிவுகள் தேவையில்லை. அவற்றை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். திருத்தம் கேட்டு மேற்பார்வையாளரின் கதவைத் தட்டுவதில் கூச்சப்பட வேண்டாம், உங்கள் ஆகஸ்ட் திகதியை அவர் அறிந்திருப்பது அவசியம்.

மனம் ஒட்டாததற்கு உங்களை நீங்களே ஏசிக்கொள்ளாதீர்கள். போர் முடிந்து மீளக்குடியேறிய ஊரில் வளர்ந்து, தறப்பாள் கொட்டிலிலோ மண்ணெண்ணெய் விளக்கிலோ படிப்பைத் தொடங்கிய தலைமுறை உங்களுடையது. இத்தனை வருடம் ஒரே இலக்கைப் பார்த்து ஓடியவர், அது கைக்கு வந்ததும் களைப்பை உணர்வது இயல்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே ஆர்வத்தோடு படிக்க முடியாவிட்டால், அங்கே உடனே கைகொடுக்கும் பாடத்தில் ஆர்வத்தைக் குவியுங்கள். உங்கள் துறையில் அது புள்ளிவிபரவியல். அமெரிக்காவில் பட்டப்பின் மாணவர்கள் பொதுவாக 3.0க்குக் குறையாத சராசரியைக் காக்க வேண்டும், உதவித்தொகையும் பெரும்பாலும் அதில்தான் தங்கியிருக்கும். முதல் செமஸ்டரிலேயே தரவுப் பகுப்பாய்வு வந்து முன்னால் நிற்கும்போது, இப்போது படித்தது உங்களைத் தாங்கும்.

ரியூசனை முற்றாக விடச் சொல்லமாட்டேன், டிக்கெட்டுக்கும் வீசாவுக்கும் பணம் வேண்டும் என்பதை அறிவேன். ஆனால் பரீட்சைக்கு முந்திய மாதத்தில் அதைப் பாதியாகக் குறையுங்கள். பிள்ளைகளின் பெற்றோருக்கு இப்போதே சொல்லிவிட்டால் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். வீட்டிலும் பரீட்சைத் திகதிகளை எழுதிக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வெளிநாடு போகும் பிள்ளையைப் பார்க்க உறவினர் வருவார்கள், நேர்த்திக்கடன்கள் நினைவுக்கு வரும். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகாமல் இருக்க முடியாது, போய் வாருங்கள். மற்ற விருந்துகளையும் கோயில் பயணங்களையும் கடைசிப் பரீட்சைக்குப் பின் வைக்கும்படி அம்மாவிடம் கேளுங்கள்.

பரீட்சை நாளில் காய்ச்சல் வந்தால் வீட்டில் படுத்திருந்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்ல நினைக்காதீர்கள். அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போய் மெடிக்கல் எடுத்து, பல்கலைக்கழகப் பரீட்சைத் துணைவிதியில் சொல்லப்பட்ட நாட்களுக்குள் பீட அலுவலகத்தில் கொடுங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டால் அடுத்த முறை எழுதும்போது புள்ளி பொதுவாகக் குறைக்கப்படாது.

நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பெறுபேறு பிந்தலாம். 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்ததை நாம் கண்டோம். பரீட்சை முடிந்தாலும் பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவை பெறுபேற்றை அங்கீகரிக்கும்வரை சான்றிதழ் கிடைக்காது. பட்டமளிப்பு விழா அதற்கும் நெடுநாள் கழித்தே வரும். அதனால் ஜூலை வரை காத்திருக்காமல் இப்போதே அங்குள்ள பட்டப்பின் அனுமதி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எங்கள் பெறுபேறு பிந்தக்கூடும், பட்டத் தேவைகள் அனைத்தையும் நிறைவுசெய்ததாகப் பல்கலைக்கழகம் தரும் கடிதத்தைத் தற்காலிகமாக ஏற்பீர்களா? பல இடங்களில் அதை ஏற்று, இறுதிச் சான்றிதழை முதல் செமஸ்டருக்குள் தரச் சொல்வார்கள். ஏற்பதாக வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இதுவரையான பெறுபேற்றுச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வைத்தால் கொழும்பில் வீசா நேர்முகத்துக்கும் உதவும்.

ஒரு பாடம் கைவிட்டுப் போய்விட்டது, அல்லது கடிதத்தில் சொன்ன எல்லைக்குக் கீழே வந்துவிட்டது என்றால், அவர்கள் கண்டுபிடிக்கும்வரை மௌனமாக இருக்காதீர்கள். ஒரு பி வந்ததற்கெல்லாம் எழுதத் தேவையில்லை. நிபந்தனை உடைந்தால் மட்டும், பெறுபேறு தெரிந்த அந்த வாரத்திலேயே, அனுமதிக் கடிதத்தில் பெயர் குறிப்பிட்ட இணைப்பாளருக்கு எழுதுங்கள். என்ன நடந்தது, ஏன், மீண்டும் எப்போது எழுத முடியும் என்பதை ஐந்தாறு வரியில் சொல்லுங்கள். அனுமதியை அடுத்த ஜனவரிக்கோ அடுத்த ஆண்டுக்கோ தள்ளி வைக்க முடியுமா என்றும் அதிலேயே கேளுங்கள். தள்ளிவைத்தால் உதவித்தொகையும் கூடவே வருமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும், அனுமதி நீடித்தால் பணமும் நீடிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பதில் எழுத்தில் வரும்வரை டிக்கெட் வாங்க வேண்டாம்.