ஐந்து மீனுக்கு ஓடுகிறது, நாற்பது மீனுக்கு நிற்கிறது

கேள்வி: கடலூர் முதுநகர் மீன் மொத்த வியாபாரிகளுக்காக பிஎச்பியில் பில் தளம் எழுதியுள்ளேன். பில்லைச் சேமித்ததும் ரசீதுப் பக்கத்துக்குத் தாவ வேண்டும். என் கணினியில் தாவுகிறது. சர்வரில் பட்டியல் நீண்டால் 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' (ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது) என்று எச்சரிக்கை வருகிறது. ஏன்?

பதில்: உங்கள் கணினியில் சோதனைக்கு நாலைந்து மீன்தான் வைத்திருப்பீர்கள். பிழை இரண்டு இடத்திலும் இருக்கிறது. ஒன்றில் பஃபர் (பக்கத்தை அனுப்புமுன் சேர்த்து வைக்கும் தற்காலிக இடம்) அதை மூடி மறைக்கிறது.

பக்கத்தின் முதல் எழுத்து வெளியேறிவிட்டால் அதன்பின் ஹெடர் (பக்கத்துக்கு முன்னால் உலாவிக்குப் போகும் தகவல்; தாவல் உத்தரவும் அதில்தான்) அனுப்ப முடியாது. பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐ-யின் மாதிரிகளில், பஃபரின் அளவைச் சொல்லும் அவுட்புட்_பஃபரிங் 4096 பைட். அது நிரம்பும்வரை எழுத்துகள் உள்ளேயே காத்திருக்கும், தாவலும் நடக்கும். நிரம்பியதும் எல்லாம் வெளியே போய்விடும். தமிழில் இது சீக்கிரமே நடக்கும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் புள்ளிக்கும் கொம்புக்கும் கூடத் தலா 3 பைட் என்பதால் 'வஞ்சிரம்' மட்டுமே 24 பைட்.

எச்சரிக்கையில் 'அவுட்புட் ஸ்டார்ட்டட் அட்' என்று காட்டும் வரியை அப்படியே நம்பாதீர்கள். பஃபர் நிரம்பி வழிந்த இடம் அது. குற்றவாளி பெரும்பாலும் அதற்கு வெகு மேலே இருப்பார். உங்கள் கணினியின் பிஎச்பி.ஐஎன்ஐ-இல் அவுட்புட்_பஃபரிங்கை 'ஆஃப்' செய்து, அப்பாச்சி வெப் சர்வரை மறுபடி தொடங்கி, பில்லைச் சேமித்துப் பாருங்கள். இப்போது காட்டும் வரிதான் உண்மையான வரி. (நிரலுக்குள் ஐஎன்ஐ_செட் போட்டால் இந்த அமைப்பு மாறாது.)

அநேகமாக மேல்பட்டை, மெனு உள்ள கோப்பை முதலில் இன்க்ளூட் செய்துவிட்டு, பிறகு சேமிக்கிறீர்கள். வரிசையை மாற்றுங்கள்: சரிபார்ப்பு, சேமிப்பு, தாவச் சொல்லும் லொகேஷன் ஹெடர், உடனே எக்சிட். எச்டிஎம்எல் அதற்குப் பிறகுதான். எக்சிட்டை விட்டால் தாவல் அனுப்பிய பிறகும் மிச்ச நிரல் ஓடிக்கொண்டிருக்கும்.

அதன்பிறகும் கோப்பின் முதல் வரியையே காட்டினால், தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் பிஓஎம் குறி ஒட்டியிருக்கலாம். எடிட்டரில் 'பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8' என்று சேமியுங்கள். கடைசி வரியைக் காட்டினால், பிஎச்பியை மூடும் குறிக்குப் (?>) பின்னால் வெற்று வரிகள் இருக்கும். பிஎச்பி மட்டுமே உள்ள கோப்பில் அந்தக் குறியே வேண்டாம், அழித்துவிடுங்கள்.

முதல் வரியில் ஓபி_ஸ்டார்ட் (நிரலுக்குள்ளேயே பஃபரைத் தொடங்கும் கட்டளை) போடச் சொல்பவர்கள் உண்டு. எச்சரிக்கை நின்றுவிடும், உண்மைதான். ஆனால் பிஓஎம்மும் வெற்று வரியும் அப்படியே கிடக்கும். நாளைக்கு ரசீதை பிடிஎஃப் ஆக இறக்கும்போது அவை கோப்புக்குள் நுழைந்து அதைக் கெடுக்கும். 4096-ஐ உயர்த்துவதும் இதே கதைதான்; இன்னும் நீளமான பில் வரும்வரை தாங்கும்.