ஷாஃப்ட் பேரிங்: சுத்தியலைக் கீழே வையுங்கள்

தம்பி, உங்கள் மீன்பிடிப் படகின் புரொப்பெல்லரைக் கையால் தூக்கினால் அதைச் சுழற்றும் ஷாஃப்ட் 3 மி.மீ. ஆடுகிறது, ஷாஃப்டைத் தாங்கும் பழைய பேரிங் (உள்ளே ரப்பர் பதித்த பித்தளை உறை) அடித்தும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 40 மி.மீ. ஷாஃப்டுக்கு அது அதிகம்தான், மாற்றியே ஆக வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

இனி அடிக்காதீர்கள், பேரிங் உட்கார்ந்திருக்கும் பிராக்கெட் விரிசல் விடும். ஷாஃப்டை எஞ்சின் பக்கத்தோடு இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி ஷாஃப்டை வெளியே எடுங்கள். பேரிங்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டீர்களா? பெயின்டுக்கு அடியில் மறைந்திருக்கும், பலர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் ஹாக்ஸா பிளேடை உள்ளே விட்டு, பித்தளை உறையை நீளவாக்கில் இரண்டு இடத்தில் அறுங்கள். முக்கால்வாசி அறுத்ததும் ஒவ்வொரு தேய்ப்புக்கும் நின்று பாருங்கள். பிராக்கெட்டில் கோடு விழக் கூடாது. அறுத்த துண்டை உள்பக்கமாக மடக்கினால் தானே கழன்று வரும்.

புதியதை ஒரு இரவு ஃப்ரீசரில் வையுங்கள். நீள போல்ட், இரண்டு தடித்த வாஷர் போட்டு இறுக்கி பிராக்கெட்டுக்குள் இழுங்கள். ரப்பரில் கிரீஸ் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். ஓடும்போது அதற்குக் கடல் தண்ணீர்தான் எண்ணெய்.

பழைய ரப்பர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் அலைன்மென்ட்தான் (எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பது) கோளாறு. ஷாஃப்டில் நகத்தில் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் அதையும் சரிசெய்யாமல் பூட்டாதீர்கள்.

கப்ளிங்கைக் கரையில் வைத்து இறுதியாக இறுக்க வேண்டாம். படகைத் தண்ணீரில் இறக்கி ஒரு நாள் விட்டு, கப்ளிங்கின் இரு முகங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) சுற்றிலும் பாருங்கள். 4 அங்குலக் கப்ளிங்குக்கு வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்கட்டும்.