டிராஃப்டில் கிடக்கும் அம்மாயி

அன்புள்ள அண்ணா,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பதினாறு வருஷம் ஆகிறது. இதுவரை எல்லாமே எக்செல், மெயில், என் கைநோட்டு. இப்போது முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்து, ஆர்டர் முதல் ஷிப்மென்ட் வரை எல்லாவற்றையும் ஒரு புது சாஃப்ட்வேருக்கு மாற்றச் சொல்லிவிட்டார். கூட வேலை பார்க்கும் பெண்கள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். நான் தடுமாறுவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு 41 வயது. இனிமேல் இதைக் கற்றுக்கொள்ள வேண்டுமா, இல்லை பழைய மாதிரியே வேலை நடக்கும் சின்ன கம்பெனி ஏதாவது பார்த்துப் போய்விடலாமா? நீங்கள் கம்ப்யூட்டரோடு இருந்து வந்தவர் என்பதால் கேட்கிறேன்.

பழைய மெயிலையும் இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். மதிய இடைவேளையில் எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) சொன்னதையெல்லாம் அதில் டிராஃப்டாக எழுதி வைத்திருந்தேன். நூறு, நூற்றிருபது இருக்கும். இடியாப்பம் மாதிரி சந்தகை பிழியும்போது பாடுகிற பாட்டுகூட ஒன்று இருக்கிறது. அம்மாயி போய் நாலு வருஷம் ஆச்சு. போனால் போகிறது, எப்படியும் எனக்கு ஞாபகம் இருக்கிறதே.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், திருப்பூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

புது சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் ஆகும், மிஞ்சிப்போனால் ஒரு மாதம். சாயப்பட்டறைக்காரர் போனில் ‘நாளைக்கு அனுப்பிடறேங்க’ என்று சொன்னால், அது நாளையா, நாலு நாளா என்று அந்தக் குரலை வைத்தே உங்களுக்குத் தெரியும். லேப் டிப், அதாவது சாய நிற மாதிரி, எத்தனையாவது தடவை திரும்பி வந்தால் பையர் கோபப்படுவார் என்று தெரியும். அதெல்லாம் எந்த சாஃப்ட்வேரிலும் ஒரு கட்டமாக வராது. கட்டத்தில் தேதியைப் போடுவதைத்தான் அந்தப் பெண்கள் இரண்டு நாளில் கற்றிருக்கிறார்கள். எந்தத் தேதியைப் போடுவது என்று கேட்க உங்களிடம்தான் வருவார்கள். சிரிப்பதையெல்லாம் ஒரு கடிதத்தில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. உங்கள் கடைசிப் பத்திக்காக. ‘போனால் போகிறது’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நூற்றிருபது மதிய இடைவேளை, அம்மா. சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, மேலே ஒருத்தர் வந்து நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டே எழுதியிருப்பீர்கள். அதை எழுதத் தெரிந்த உங்களுக்கு, வெளியே எடுத்து வைக்கவேண்டும் என்று தோன்றவில்லையா? முதலில் அதை ஏன் ஆபீஸ் மெயிலில் எழுதினீர்கள்? அது கம்பெனியின் பீரோ. சாவி அவர்களுடையது. பூட்டும்போது உள்ளே யாருடைய அம்மாயி இருக்கிறாள் என்று பார்க்கமாட்டார்கள்.

அடுத்ததாக அந்த ‘ஞாபகம் இருக்கிறதே’. இதைப் பற்றித்தான் கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1999-இல் நான் திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கல்லூரி நோட்ஸ், சின்னப் பதிப்பகங்களின் புத்தகம், எது வந்தாலும் பேஜ்மேக்கரில் அடித்துக் கொடுப்போம். அங்கே பிழைதிருத்த ஒரு பெரியவர் வருவார். அதற்கு முன்னால் முப்பது வருஷம் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளைக் கண்ணால் பார்க்காமல் கேஸிலிருந்து எடுத்து ஸ்டிக்கில் அடுக்கியவர். எந்த எழுத்து எந்தக் குழியில் இருக்கும் என்று அவர் விரலுக்குத் தெரியும். பேசும்போதுகூட கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்.

அவர் சொல்வதைக் கேட்கக் கேட்க விடக்கூடாது என்று தோன்றியது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கூட்டம் குறைந்ததும் அவரை உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். நாற்பத்தொரு நாள். ஒரு நாளைக்கு ஒரு ஃபைல். மூன்று ஃபிளாப்பியில் போட்டு, மேலே ‘ஐயா’ என்று எழுதி, மேஜை டிராயரில் வைத்தேன். முதல் எட்டுப் பக்கத்தை மட்டும் அவர் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, திருத்துவதற்கு வீட்டுக்குக் கொண்டுபோனார். மீதியைப் பிறகு எடுக்கலாம் என்று சொன்னேன். கார்ட்ரிட்ஜ் விலை அப்படி. அடுத்த வருஷம் நான் வேறு வேலைக்குப் போனேன். 2002-இல் அவர் இறந்துபோனார்.

2007-இல் அவருடைய மகள் என்னைத் தேடி வந்தார். அப்பா ஏதோ சொல்லி நீங்கள் அடித்தீர்களாமே என்று கேட்டார். ஃபிளாப்பிகளைத் தேடி எடுத்து, ஃபிளாப்பி போடும் இடமுள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் தேடிப் பிடித்துத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் ஐரோப்பியக் குறிகளும். ஒரு தமிழ் எழுத்து இல்லை.

உங்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம், சொல்கிறேன். அப்போது டிடிபியில் நாங்கள் அடித்தது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை தமிழே இல்லை. ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய எண்களின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து ஒட்டியிருப்பார்கள். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கும்வரை அது அம்மா. பாமினியை எடுத்துவிட்டால் அந்த ஐந்து குறிதான். இப்படி ஒவ்வொரு கடைக்கும் ஒரு முறை. இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999-இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது டாப், டாம் என்று இரண்டு குறியீட்டைத் தரமாக அறிவித்தார்கள். இணையத்தில் ஏற்கெனவே டிஸ்கி என்று இன்னொரு குறியீடு ஓடிக்கொண்டிருந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறியீட்டில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அது நம் மேஜைக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றதே 2010-இல்தான்.

பாமினி, டிஸ்கியென்றால் பொங்குதமிழ் மாதிரி ஒரு மாற்றியில் ஒட்டினால் அடுத்த நொடி தமிழ் வந்துவிடும். நாங்கள் வைத்திருந்தது ஒரு சின்ன நிறுவனம் தானே செய்து விற்ற எழுத்துரு. கம்ப்யூட்டருக்குப் பின்னால் பிரிண்டர் போர்ட்டில் விரல் நீளத்துக்கு ஒரு டாங்கிளைச் செருகினால்தான் வேலை செய்யும். அந்த நிறுவனமும் இல்லை, எங்கள் சென்டரும் இல்லை, டாங்கிள் எந்தக் குப்பைக்குப் போனதோ.

மகளிடம் அந்த எட்டுப் பக்கம் இருந்தது. சிவப்பு மையில் அவர் திருத்தியது. அதை இடது பக்கம் வைத்துக்கொண்டு, திரையை வலது பக்கம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பொருத்தினேன். இந்தக் குறி ‘து’. இந்தக் குறி ‘க்’. ஒரு ரூல்டு நோட்டில் பட்டியல் போட்டேன். அந்த எட்டுப் பக்கத்தில் வராத எழுத்துகளை ஊகிக்க வேண்டியிருந்தது. ஒரு சொல் ‘யிற்றுக்கிழமை’ என்று முடிகிறது. அதற்கு முன்னால் ஒரு துணைக்கால், அதற்கும் முன்னால் தெரியாத ஒரு குறி. ஞாயிற்றுக்கிழமை! அன்றைக்கு ‘ஞ’ கிடைத்தது. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து இரண்டு ஃபிளாப்பியில் இருந்த இருபத்தேழு நாள் பேச்சையும் மீட்டேன். மூன்றாவதில் பூஞ்சை பிடித்திருந்தது. பதினாலு நாள் போயிற்று.

அந்தப் பதினாலு நாளில் என்ன சொன்னார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, தங்கையே. நீங்கள் சொல்வது மாதிரியே இருக்கிறது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்ததும், துதிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’, சுழித்த ‘ணா’, ‘றா’ எல்லாம் அவருடைய அச்சகத்தில் வேலையற்றுப் போய், ஒரு நாள் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டார்களாம். அதில் ஒரே ஒரு ‘னை’யை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாராம். இது நான் சொல்வது. அவர் இதை இப்படிச் சொல்லவில்லை. அந்த எழுத்து பையில் கிடந்து நெஞ்சில் உரசிக்கொண்டே வந்ததைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். அடித்த நானே ஒரு நிமிஷம் கையை நிறுத்தினேன். கையை நிறுத்தியது ஞாபகம் இருக்கிறது. வாக்கியம் இல்லை. அவர் மகள் கேட்டபோது, ‘இந்த மாதிரி ஏதோ சொன்னாரும்மா’ என்றுதான் சொல்ல முடிந்தது. ‘இந்த மாதிரி’யைக் கேட்பதற்கா அவர் திருவொற்றியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார்?

உங்கள் அம்மாயி என்ன சொன்னாள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், சாகிறவரை இருக்கும். எப்படிச் சொன்னாள் என்பது அந்த டிராஃப்டில்தான் இருக்கிறது. எந்தச் சொல்லை முதலில் போட்டாள், எங்கே இழுத்தாள், பாட்டில் எந்த அடி இரண்டு தடவை வந்தது. இன்றைக்கு அந்தப் பாட்டை எழுதாமல் சொல்லிப் பாருங்கள். நடுவில் ஓர் இடத்தில் உங்கள் சொல் வந்து உட்கார்ந்திருக்கும், உங்களுக்கே தெரியாது.

ஆபீஸ் மெயில் வேண்டாம், பெரிய கம்பெனியின் இலவச சேவையில் போட்டு வைக்கிறேன் என்று அடுத்து எழுதுவீர்கள். போடுங்கள், ஆனால் அங்கே மட்டும் போடாதீர்கள். ஜியோசிட்டீஸை 2009-இல் மூடினார்கள். கூகுள் ரீடர் 2013 ஜூலை 1, ஆர்குட் 2014 செப்டம்பர் 30, யாகூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15. அகத்தியர், ராயர் காபி கிளப், மரத்தடி என்று அந்தக் குழுமங்களில் எத்தனை பேர் எழுதினார்கள், சண்டை போட்டார்கள், வெண்பா பழகினார்கள். எல்லாச் சேவைகளும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் மூடின. சொன்ன தேதிக்குள் போய் எடுத்தவர்களிடம் எழுத்து இருக்கிறது, நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டவர்களிடம் இல்லை. கூகுளில் தனிநபர் கணக்கை இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் அழித்துவிடலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்தே நடைமுறை. மாற்றி மாற்றி எடுத்து வைப்பதுதான் வழி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சம்பளமில்லாமல் தட்டச்சு செய்த நூல்களை டிஸ்கியில் வைத்திருந்தார்கள். காலம் மாறியதும் யூனிகோடுக்கு மாற்றினார்கள். அந்த வேலை அலுப்பானது, யாரும் கைதட்டமாட்டார்கள். அதைச் செய்ததால்தான் இன்றைக்கு உங்கள் போனில் அந்த நூல்களைத் திறக்க முடிகிறது.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நாளைக்குக் காலையில் ஐடி பார்க்கும் தம்பியிடம் போய், என் சொந்தக் குறிப்புகள் டிராஃப்டில் இருக்கின்றன, அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். பையர் மெயில் எதையும் தொடாதீர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, நோட்பேடில் ஒட்டி, தேதியையே ஃபைலின் பெயராக வையுங்கள். எழுத்துரு, கலர், பார்டர் எதுவும் வேண்டாம். வெறும் எழுத்து மட்டும்.

இங்கே ஒரு இடத்தில் நிற்க வேண்டும். சேவ் செய்யும் பெட்டியின் அடியில் என்கோடிங் என்று ஒன்று இருக்கும். அதில் யூடிஎஃப்-8, அதாவது யூனிகோடைச் சேமிக்கும் முறை, இருக்கிறதா என்று பாருங்கள். 2019-க்குப் பிறகு வந்த விண்டோஸில் தானாகவே அப்படித்தான் இருக்கும். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் பழசாக இருந்தால் ஆன்சி என்று இருக்கும். அப்படியே விட்டு, வருகிற எச்சரிக்கைக்கும் ஓகே கொடுத்துவிட்டால் அம்மாயியின் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். எக்செலில் தமிழ்ப் பெயர்களை சிஎஸ்வி-யாகச் சேமித்து வரிசையாகக் கேள்விக்குறி வந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். என் ஃபிளாப்பியில் இருந்தது குழம்பிய எழுத்து. ஒவ்வொரு குறிக்கும் பின்னால் ஓர் எழுத்து இருந்தது, தேடினால் கிடைத்தது. கேள்விக்குறிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ‘அ’வும் கேள்விக்குறி, ‘ழ’வும் கேள்விக்குறி. அதைத் திருப்ப யாராலும் முடியாது. அதனால் சேவ் செய்ததும் மூடி, திரும்பத் திறந்து, கண்ணால் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பென்டிரைவில் ஒன்று, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று. அப்புறம் கட்டாயம் ஒரு பிரிண்ட். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்றாலும் எடுங்கள். நான் அன்றைக்கு கார்ட்ரிட்ஜ் விலை பார்த்தேன்.

மாதக் கடைசி என்று எழுதியிருக்கிறீர்கள், எத்தனை நாள் மிச்சம் என்று எழுதவில்லை. ஒரு நாளைக்குப் பத்து எடுத்தாலும் பன்னிரண்டு நாள் வேண்டும். வரிசையாகப் போகாதீர்கள். டிராஃப்டில் ‘சந்தகை’ என்று தேடுங்கள், அந்தப் பாட்டு வரும். அதை முதலில் எடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்