வாசகர் கேள்வி – பதில்: டிரம்முக்குள் அடங்காத பிரேக் ஷூ

கேள்வி: என் தந்தையார் 1968-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பின்சக்கரங்களுக்கான நான்கு பிரேக் ஷூக்களையும் (சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துபவை) சென்னைப் புதுப்பேட்டையில் ஒரே பெட்டியாக வாங்கினேன். இடப்பக்கம் டிரம் எளிதாக இறங்கிவிட்டது, வலப்பக்கம் இறங்கவில்லை. மெக்கானிக் ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கை அரத்தால் தேய்த்து, டிரம்மைத் தட்டி ஏற்றினார். இப்போது கிண்டி போய்ச் சேர்வதற்குள் அந்தச் சக்கரம் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. ஹேண்ட் பிரேக்கும் பிடிப்பதில்லை. கடையில் தவறான ஷூவைக் கொடுத்துவிட்டார்களா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: ஒரே பெட்டியில் வந்த ஷூக்கள் ஒரு பக்கம் பொருந்தி மறுபக்கம் பொருந்தவில்லை என்றால், ஷூவைச் சந்தேகிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தவற்றைச் சந்தேகிப்பதே முறை. அரத்தை எடுத்ததுதான் இதில் நடந்த பெரிய தவறு. தேய்க்கப்பட்ட லைனிங் டிரம்மின் வளைவை இழந்துவிடுவதால், மூலக் கோளாறு நீங்கிய பின்னும் அந்த ஷூ சீராகப் பிடிக்காது. தேய்க்கப்பட்ட அந்த இரு ஷூக்களையும் மாற்றிவிடுங்கள்.

வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றும் முன் ஹேண்ட் பிரேக் கம்பியை முழுவதுமாகத் தளர்த்துங்கள். கம்பி இறுகியிருந்தால் உள்ளே நெம்புகோல் பாதி இழுபட்ட நிலையிலேயே நிற்கும். எந்த ஷூவைப் போட்டாலும் டிரம் ஏறாது. (ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானும் இப்படித் திண்டாடி, மாலையில்தான் ஹேண்ட் பிரேக் ஒரு பல் ஏறியிருந்ததைக் கவனித்தேன்.) அடுத்து, ஷூக்களைத் தாங்கி அசையாமல் நிற்கும் தகடான பேக் பிளேட்டின் பின்புறம் சதுரத் தலையுடன் இருக்கும் அட்ஜஸ்டரை (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் திருகு) கடைசி வரை தளர்த்துங்கள். இரண்டையும் செய்துவிட்டு, இடப்பக்கத்தின் தேய்க்கப்படாத ஷூக்களை வலப்பக்கம் மாட்டி, இரு டிரம்களையும் ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். இரண்டுமே ஏறவில்லை என்றால் கோளாறு பேக் பிளேட்டில் இருக்கிறது. இடப்பக்க டிரம் மட்டும் ஏறினால் டிரம்களின் அளவில்தான் வேறுபாடு.

சக்கரம் சுடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், கோளாறு பேக் பிளேட்டில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் ஷூக்களைத் தள்ளுவது வீல் சிலிண்டர். ஹெரால்டின் பின்பக்கத்தில் உள்ள கிர்லிங் நிறுவனத்தின் வீல் சிலிண்டரில் பிஸ்டன் ஒன்றுதான். அது ஒரு ஷூவைத் தள்ளும்போது, அதன் எதிர்விசையால் சிலிண்டரே பேக் பிளேட்டின் நீள்துளையில் நழுவிச் சென்று மற்ற ஷூவைத் தள்ளும். அந்த நழுவல் நின்றுபோனால் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும், அதுவும் பின்வாங்காமல் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். ஹேண்ட் பிரேக்கின் நெம்புகோலும் இதே சிலிண்டரில் அமைந்திருப்பதால், அதன் பிடிப்பும் பாதியாகிவிடும். நம் ஊரின் உப்புக் காற்றிலும், மழைக்காலத்தில் வேளச்சேரித் தெருக்களில் தேங்கும் நீரிலும் நின்ற வண்டியில் இந்த நீள்துளை துருப்பிடித்து இறுகுவது அதிசயமன்று. ஷூக்களைக் கழற்றிவிட்டுச் சிலிண்டரை விரலால் தள்ளிப் பாருங்கள். முன்னும் பின்னும் தாராளமாக நகர வேண்டும். நகரவில்லை என்றால் அதைக் கழற்றி, நீள்துளையின் விளிம்புகளை எமரித்தாளால் பளபளப்பாக்கி, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். ரப்பர் பாகங்களின் மீது பெட்ரோலோ மண்ணெண்ணெயோ சாதாரண கிரீஸோ படக் கூடாது. பட்டால் ரப்பர் ஊதிவிடும். உள்ளே படிந்திருக்கும் தூசியை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்; பழைய லைனிங்குகளில் நுரையீரலுக்குக் கேடான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம்.

இடப்பக்கம் எளிதாக இறங்கியதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மூலமான, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டில் பின்டிரம்மின் உள்விட்டம் 7 அங்குலம், அதாவது 177.8 மில்லிமீட்டர். இத்தனை வயதான காரில் அந்த டிரம் எத்தனை முறை லேத்தில் கடையப்பட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெர்னியர் அளவுகோலால் மூன்று திசைகளில் அளந்து பாருங்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால் டிரம் நீள்வட்டமாகிவிட்டது என்று பொருள். பெரிதாகிப்போன டிரம்மில் புதிய ஷூவின் நடுப்பகுதி மட்டுமே படும். லைனிங் முழுவதும் சாக்பீஸைத் தேய்த்து, ஷூவை டிரம்முக்குள் வைத்து லேசாக அசைத்தால், எங்கே அழிகிறதோ அங்கேதான் படுகிறது. நடுவில் பரவலாக அழிந்து, இரு முனைகளிலும் மயிரிழை இடைவெளி இருந்தால் நல்லது. சில ஓட்டங்களில் அது தானாகப் படிந்துவிடும். முனைகளில் மட்டும் அழிந்தால் அந்த ஷூவை மாட்டாதீர்கள். பிரேக் வெடுக்கென்று பிடிக்கும்.

மாட்டி முடித்த பின், சக்கரம் பூட்டும்வரை அட்ஜஸ்டரை இறுக்கி, தடையின்றிச் சுழலும் அளவுக்கு ஓரிரு சொடுக்கு தளர்த்துங்கள். ஹேண்ட் பிரேக் கம்பியை அதற்குப் பிறகுதான் இறுக்க வேண்டும். பல பட்டறைகளில் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கேள்வி: பல ஆண்டுகளாகப் பெட்டி பிரிக்கப்படாமல் இருந்த பழைய வீல் சிலிண்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. அதை அப்படியே மாட்டலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: உலோகத்தை நம்பலாம், ரப்பரை நம்ப முடியாது. சிலிண்டரைப் பிரித்து உட்சுவரை விளக்கொளியில் பாருங்கள். குழிகள் இல்லையென்றால் பிரேக் ஆயிலால் கழுவி, புதிய ரப்பர்களைப் போட்டு மாட்டலாம். நகத்தில் தட்டுப்படும் குழி ஒன்று இருந்தாலும், பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.