சின்ன எயார் ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப்?

கேள்வி: என் அத்தானிடம் அனுமதிப் பத்திரத்தோடு ஒரு சின்ன எயார் ரைஃபிள் இருக்கிறது. குழலை மடித்து ஸ்பிரிங்கை இழுக்கும் வகை, 4.5 மில்லிமீற்றர். நீர்கொழும்புப் பக்கம் அவருடைய தென்னந்தோட்டத்தில் கடதாசி இலக்கு வைத்துச் சுடுவோம். தூரம் 15 மீற்றர், மிஞ்சினால் 20. அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. முன்குறி தெரிந்தால் இலக்கு மங்குகிறது, இலக்கைப் பார்த்தால் குறி மங்குகிறது என்கிறார். பிறந்தநாளுக்கு ஒரு ஸ்கோப், அதாவது துப்பாக்கிமேல் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி, வாங்கிக் கொடுக்க நினைத்தேன். கடையில் மூன்று காட்டினார்கள்: மெல்லிய 4×20, கட்டையான 4×32, உள்ளே விளக்கு எரியும் 3-9×40. ஒன்பது மடங்குதான் நல்லது என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: 4×32, அதாவது நாலு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 32 மில்லிமீற்றர் அகலம். ஆனால் அது எயார் ரைஃபிளுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஸ்பிரிங் ரைஃபிள் உதைக்கும் விதமே வேறு. விசையை இழுத்ததும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. அடுத்த கணம் பிஸ்டன் அறையின் முனையில் போய் நிற்க, துப்பாக்கி முன்னால் எகிறுகிறது. வெடிமருந்துத் துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப் பின்னுதைப்பைத் தாங்கும், இந்த முன்னுதைப்புக்கு அது தயாராக இருக்காது. எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். வேட்டைத் துப்பாக்கிக்கான நல்ல ஸ்கோப் என்று ஒரு கடையில் சொல்லித் தந்ததை நம்பி மாட்டினேன். இரண்டாவது பெல்லட் (ஈயக் குண்டு) டின் முடிவதற்குள் குறுக்குக்கோடு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கண்ணாடி அத்தனை தெளிவாக இருந்தும் பிரயோசனமில்லை.

இரண்டாவது காரணம் பரலக்ஸ். பள்ளிக்கூடத்தில் இடமாறு தோற்ற வழு என்று படித்திருப்பீர்கள்: அடிமட்டத்தைச் சரிவாகப் பார்த்தால் அளவு மாறித் தெரியுமே, அதுதான். பெரிய துப்பாக்கிகளின் ஸ்கோப்பைப் பெரும்பாலும் 100 யாருக்கு, அதாவது ஏறத்தாழ 91 மீற்றருக்குச் சரிசெய்துதான் அனுப்புவார்கள். அதை வைத்துக்கொண்டு 15 மீற்றரில் குறிபார்க்கும்போது கண் நடுவிலிருந்து விலகினால், 32 மில்லிமீற்றர் கண்ணாடியில் குறி 13 மில்லிமீற்றர் வரை தள்ளிப்போகலாம். உங்கள் பெல்லட்டே 4.5 மில்லிமீற்றர்தான். படமும் மங்கலாகத் தெரியும். எயார் ரைஃபிள் ஸ்கோப் கிட்டத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். முன்கண்ணாடியைச் சுற்றித் திருப்பும் வளையம் இருந்து, அதில் 10 மீற்றர் வரை குறித்திருந்தால் இன்னும் நல்லது. அந்த வளையத்துக்காகக் கொஞ்சம் காசு கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

மடங்கு விஷயத்துக்கு வருவோம். நாலு மடங்கு என்றால் 15 மீற்றரில் இருக்கும் கடதாசி நாலு மீற்றருக்குள் வந்து நிற்பது மாதிரித் தெரியும். அதற்குமேல் என்ன வேண்டும்? ஒன்பது மடங்கில் கை நடுக்கமும் ஒன்பது மடங்காகத் தெரியும், அத்தான் சலித்துப்போவார். வெளிச்சத்தையும் பாருங்கள். முன்கண்ணாடி அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 4×32இல் 8 மில்லிமீற்றர், 3-9×40ஐ ஒன்பதில் வைத்தால் நாலரைக்கும் கீழே. தென்னை நிழலில் மாலை ஐந்து மணிக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். வட்டம் அகலமாக இருந்தால் கண்ணை அங்குமிங்கும் தேடி வைக்கவும் தேவையில்லை. தவிர, சின்னத் துப்பாக்கியில் நீளமான ஸ்கோப் குழல் மடியும் இடத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், பெல்லட் போட விரல் நுழையாது. பாரமும் மேலே ஏறிவிடும். 4×20 வேண்டவே வேண்டாம். அதன் குழாய் பெரும்பாலும் முக்கால் அங்குலம், அதைத் துப்பாக்கியில் பூட்டும் தாங்கியும் மெலிது. வழக்கமான 1 அங்குலக் குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

கடையில் ஸ்கோப்பை மட்டும் கழற்றி வாங்கி, வாசலுக்குக் கொண்டுவாருங்கள். காலி வீதியைத் தாண்டி எதிர்ப்பக்கக் கடையின் பெயர்ப்பலகை ஏறத்தாழ உங்கள் தூரத்தில்தான் இருக்கும். ஸ்கோப்பை ஒரு துணி மடிப்பின் மேல் அசையாமல் வைத்து, குறுக்குக்கோட்டை ஓர் எழுத்தில் நிறுத்துங்கள். பிறகு ஸ்கோப்பைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கோடு எழுத்தின் மேலேயே நின்றால் பரலக்ஸ் சரி. எழுத்தை விட்டு நீந்தினால் அதை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். இன்னொன்று, மேலே உள்ள, குறியை நகர்த்தும் திருகை இருபது சொடுக்கு முன்னாலும் இருபது பின்னாலும் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு சொடுக்கும் விரலில் தனித்தனியாகப் பட வேண்டும். சாதாரணமாக வரும் கால் நிமிடக் கோணச் சொடுக்கு (ஒரு பாகையில் அறுபது நிமிடம்) 15 மீற்றரில் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் நகர்த்தும். மூன்று சென்ரிமீற்றர் தள்ளிப்போனால் சுமார் முப்பது சொடுக்கு திருப்பினால் போதும், கணக்கு சுலபம்.

தாங்கியை மறந்துவிட்டு வராதீர்கள். இவ்வகைத் துப்பாக்கியில் தாங்கியைப் பூட்ட மேலே பெரும்பாலும் 11 மில்லிமீற்றர் தவாளிப்புத்தான் இருக்கும். 21 மில்லிமீற்றர் பட்டைக்கான தாங்கி அதில் இறுகாது. அளந்துகொண்டு போங்கள். இரண்டு தனி வளையங்களைவிட ஒரே துண்டாக வரும் தாங்கி நல்லது, அடியில் வழுக்காமல் பிடிக்கும் நிறுத்துமுள் இருந்தால் மிக நல்லது. முன்னும் பின்னும் உதைக்கும் துப்பாக்கியில் தாங்கி மெல்ல மெல்ல நகரும். பூட்டிய அன்றே தாங்கிக்கு முன்னால் ஒட்டினாற்போல் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோட்டுக்கும் தாங்கிக்கும் இடையில் மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அத்தானின் கண்ணைப் பொறுத்தவரை நீங்கள் நினைத்தது சரியான பரிசுதான். ஸ்கோப்பில் கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரிவதால் கண் மாறிமாறிக் குவிய வேண்டியதில்லை. கண்ணோரம் இருக்கும் வளையத்தை வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திருப்பி, கோடு கறுப்பாகத் தெளிந்ததும் விட்டுவிடச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு வார்த்தை: இலக்குக்குப் பின்னால் மண்மூட்டை அடுக்கியிருக்கட்டும். வெறும் மதிலில் பட்டு ஈயக் குண்டு திரும்பி வரும். ஸ்கோப்பில் பார்ப்பவருக்கு அந்தச் சின்ன வட்டத்துக்கு வெளியே யார் நடக்கிறார்கள் என்பது தெரியாது. பக்கத்தில் நின்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: மகள் பாடசாலையில் 10 மீற்றர் எயார் ரைஃபிள் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். ஸ்கோப் வாங்கிக் கொடுத்தால் உதவுமா? (கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. சர்வதேச விதிப்படி 10 மீற்றர் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமில்லை. பின்னால் சிறு துளை, முன்னால் வளையம், அவ்வளவுதான். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர், அதையும் அப்படித்தான் அடிக்கிறார்கள். ஸ்கோப்பில் பழகிவிட்டால் பிறகு துளைக்கு மாறுவது பிள்ளைக்குச் சிரமம். அந்தக் காசை என்ன செய்யலாம் என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். அநேகமாக அளவான கையுறையும் நல்ல பெல்லட்டும் என்பார்.

கேள்வி: போன மாதம் வாங்கிய ஸ்கோப்பில் பனி பிடிக்கிறது. கடையில் மாற்ற மறுக்கிறார்கள். என்ன செய்வது? (தெஹிவளை வாசகர்)

பதில்: பனி எங்கே என்று முதலில் பாருங்கள். ஏசி அறையிலிருந்து கொழும்பு வெயிலுக்குள் எடுத்து வந்தால் வெளிக்கண்ணாடி எதுவானாலும் மங்கும். துடைத்தால் போய்விடும், அது குறையல்ல. துடைத்தும் போகாமல் உள்ளே நின்றால் ஈரம் புகாமல் அடைக்கும் முத்திரை விட்டுவிட்டது. நைதரசன் நிரப்பியது, நீர் புகாதது என்று பெட்டியில் போட்டிருந்தால் சொன்னபடி பொருள் இல்லை என்றுதான் அர்த்தம்.

பனி தெரியும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு, பெட்டி, உத்தரவாத அட்டை மூன்றையும் கொண்டு கடைக்கு இன்னொரு முறை போங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் இந்த வாரமே எழுதிவிடுங்கள். அதுவரை ஸ்கோப்பைத் திறக்கவோ வெயிலில் காயவைக்கவோ வேண்டாம். திருகைக் கழற்றியிருக்கிறீர்கள் என்று கடைக்காரர் கையை விரித்துவிடுவார்.