ஹெர்குலிஸ் எக்ஸ்-1: எதிர்பார்த்த தளவிளைவு எங்கே போனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எக்ஸ் கதிர் துடிவிண்மீன்களின் (சுழலும்போது துடிப்புகளாக எக்ஸ் கதிர் வீசும் நியூட்ரான் விண்மீன்கள்) தளவிளைவு, அதாவது கதிரின் மின்புலம் எந்த அளவுக்கு ஒரே திசையில் அதிர்கிறது என்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அவ்வளவு வலுவான காந்தப்புலத்திலிருந்து வரும் கதிர் 60 முதல் 80 சதவீதம் வரை தளவிளைவு கொண்டிருக்கும் என்று கோட்பாடு சொல்லிவந்தது. எக்ஸ் கதிரின் தளவிளைவை அளக்கும் ஐஎக்ஸ்பிஇ செயற்கைக்கோள், ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்ற துடிவிண்மீனைப் பார்த்தபோது சராசரியாகப் பத்து சதவீதம்கூட இல்லை. கோட்பாடு தவறா, கருவியில் குறையா? தரவு பொதுவில் இருப்பதால் நானே இறக்கிப் பார்த்தேன். மூன்று டிடெக்டர்களுக்கும் தனித்தனியே சதவீதம் கண்டு சராசரி எடுத்தேன். துடிப்புக் கட்டம் (ஒரு சுழற்சியின் எந்தப் பகுதி என்பது) வாரியாகப் பிரித்தால் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. எங்கே தவறுகிறேன்?

முதுகலை இயற்பியல் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்திலேயே இரண்டு பிழைகள் தெரிகின்றன. முதலில் அவற்றைச் சரிசெய்வோம். கோட்பாட்டுக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

முதல் பிழை, சதவீதங்களைச் சராசரி எடுத்தது. டிடெக்டருக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரிலியம் சன்னல் வழியாக நுழையும் ஃபோட்டான், ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள டைமெத்தில் ஈதர் வாயுவில் ஓர் எலக்ட்ரானைத் தட்டி வெளியேற்றுகிறது. அந்த எலக்ட்ரான் பெரும்பாலும் ஃபோட்டானின் மின்புலத் திசையை ஒட்டியே கிளம்பும். அது ஓடிய தடம் 50 மைக்ரான் இடைவெளியுள்ள அறுகோணப் பிக்சல்களில் பதிவாகிறது. தடம் நேர்கோடாக இருக்காது, ஈர மண்ணில் புழு ஊர்ந்தது போல நெளிந்திருக்கும். அதில் தொடக்கப் பகுதி மட்டுமே திசையைச் சொல்லும். முடிவுப் பகுதியில் எலக்ட்ரான் மோதி மோதித் திரும்பியிருக்கும், ஆனால் மின்னூட்டம் அதிகம் சேர்வதும் அங்கேதான். குறைந்த ஆற்றலில் தடம் குட்டையாகிவிடுவதால் திசையைக் கணிப்பது கடினம். முழுக்கத் தளவிளைவு கொண்ட கதிரைக் கொடுத்தாலும் கருவி காட்டும் ஏற்றத்தாழ்வு 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு; இனி எண்ணை மட்டும் சொல்வேன்) ஆற்றலில் 15 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 8-ல் அது 50 சதவீதத்தைத் தாண்டும். இதற்குப் பண்பேற்றக் காரணி என்று பெயர்.

ஆக ஒவ்வொரு ஃபோட்டானும் ஒரு கோணத்தைத் தருகிறது. அந்தக் கோணத்தை இரட்டிப்பாக்கி, கொசைனின் இருமடங்கை க்யூ என்றும் சைனின் இருமடங்கை யூ என்றும் வையுங்கள். எல்லா ஃபோட்டான்களின் க்யூ, யூ மதிப்புகளையும் கூட்டி, எண்ணிக்கையாலும் பண்பேற்றக் காரணியாலும் வகுத்த பிறகுதான் சதவீதத்துக்குப் போக வேண்டும். சதவீதம் என்பது க்யூ, யூ வர்க்கங்களின் கூட்டலுக்கு வர்க்கமூலம். அது ஒருபோதும் எதிர்மறையாகாது. தளவிளைவே இல்லாத கதிரிலும் வெறும் இரைச்சல் ஒரு நேர்மறை எண்ணைத் தந்துவிடும். அப்படிப்பட்ட மூன்று எண்களைச் சராசரி எடுத்தால் பொய்யான மதிப்பு அப்படியே நிலைத்துவிடும். க்யூவும் யூவும் இரண்டு பக்கமும் ஆடுவதால், கூட்டும்போது இரைச்சல் தானாகக் கரையும். இன்னொன்று: மூன்று டிடெக்டர்களும் ஒன்றுக்கொன்று 120 பாகை திருப்பிப் பொருத்தப்பட்டவை. ஆனால் நீங்கள் இறக்கிய இரண்டாம் நிலைத் தரவில் கோணங்கள் ஏற்கெனவே வானத் திசைக்கு மாற்றப்பட்டிருக்கும். மறுபடி சுழற்றிவிடாதீர்கள்.

எத்தனை கட்டங்களாகப் பிரிக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. பின்னணி இல்லையென்று கொண்டால், 99 சதவீத உறுதியோடு கண்டறியக்கூடிய மிகக் குறைந்த தளவிளைவு, 4.29-ஐப் பண்பேற்றக் காரணியாலும் ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் கிடைக்கும். காரணி 0.3, ஃபோட்டான்கள் 20 லட்சம் என்றால் அது ஏறத்தாழ 1 சதவீதம். அதே தரவைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 3.2 சதவீதத்துக்குக் கீழே எதையும் நம்ப முடியாது. இருபதாகப் பிரித்துவிட்டு ஒழுங்கில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

இரண்டாவது பிழைதான் பெரியது என்று நினைக்கிறேன். சுற்றுப்பாதைத் திருத்தம் செய்ததாக நீங்கள் எழுதவே இல்லை. ஹெர்குலிஸ் எக்ஸ்-1 தன்னைச் சுற்ற எடுப்பது 1.24 நொடி. அதன் இணை விண்மீனோடு 1.7 நாளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. அந்தப் பாதையின் ஆரம் நம் பார்வைக்கோட்டில் 13.2 ஒளிநொடி. அதாவது விண்மீன் அருகே வரும்போதும் விலகும்போதும் துடிப்பு வந்துசேரும் நேரம் 13 நொடி முன்னும் பின்னும் நகர்கிறது, பத்துத் துடிப்புகளுக்கும் மேல்! திருத்தாமல் மடித்தால், அதாவது எல்லாத் துடிப்புகளையும் ஒரே சுழற்சியின் மேல் அடுக்கினால், எல்லாக் கட்டங்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். முதலில் செயற்கைக்கோளில் பதிவான நேரத்தைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றுங்கள், அடுத்து இரட்டையின் பாதைக்குத் திருத்துங்கள், பிறகு மடியுங்கள். சரிபார்க்க எளிய வழி, தரவைச் சில மணிநேரத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றின் துடிப்பு வடிவத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது. சிகரம் இடம் மாறிக்கொண்டே போனால் திருத்தம் இன்னும் சரியாகவில்லை. இணை விண்மீன் மறைக்கும் நேரங்களையும் கழித்துவிடுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. கருவி மேல் பழி போட முடியாது. இதே ஐஎக்ஸ்பிஇ, 1ஆர்எக்ஸ்எஸ் ஜே1708 என்ற மேக்னெட்டாரில் (மிக மிக வலுவான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) 6-8 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் 80 சதவீதம் வரை அளந்தது. மெதுவாகச் சுழலும் எக்ஸ் பெர்சி என்ற துடிவிண்மீனில், குறைந்த ஆற்றலில் ஏறக்குறைய பூச்சியமாக இருந்த தளவிளைவு உயர்ந்த ஆற்றலில் ஏறத்தாழ 30 சதவீதத்தை எட்டியது.

குறைவுக்குக் காரணம் விண்மீனின் மேற்பரப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். வலுவான காந்தப்புலத்தில் கதிர் இரண்டு வகையாகப் பயணிக்கிறது. ஒன்றின் மின்புலம் காந்தப்புலத்துக்குச் செங்குத்து, அது பிளாஸ்மாவில் எளிதில் சிதறாமல் ஆழத்திலிருந்தே தப்பிவிடும். மற்றது மேலடுக்கிலிருந்து மட்டும் வரும். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் பெரிய சதவீதத்தை எதிர்பார்த்தார்கள். ஆனால் இணை விண்மீனிலிருந்து வந்து விழும் பொருள் நியூட்ரான் விண்மீனின் வளிமண்டலத்தின் மேலடுக்கை அடியடுக்கைவிடச் சூடாக்குகிறது. கூடவே, இவ்வளவு வலுவான காந்தப்புலத்தில் வெற்றிடமே ஓர் ஊடகம்போலக் கதிரைப் பாதிக்கும். பிளாஸ்மாவின் விளைவும் இந்தக் காந்தமேறிய வெற்றிடத்தின் விளைவும் ஒன்றையொன்று ரத்து செய்யும் ஓர் அடர்த்தி உண்டு. அங்கே ஒரு வகை மற்ற வகையாக மாறலாம். இந்த மாற்றம் சூடான அடுக்கின் எல்லையில் நடந்தால் இரண்டு வகையும் கிட்டத்தட்டச் சமமாக வெளியேறும், தளவிளைவு சரிந்துவிடும். இரண்டு துருவங்களின் கதிர் கலப்பதும், மேற்பரப்பில் பட்டுத் திரும்புவதும் இன்னும் குறைக்கும். எது எவ்வளவு என்ற வாதம் தொடர்கிறது.

ஆனால் சதவீதத்தைவிடத் திசையை நம்புங்கள் என்பேன். விண்மீனை விட்டு வெளியே வந்த பிறகும் காந்தமேறிய வெற்றிடம் கதிரைப் பிடித்தே வைத்திருக்கிறது. ஏறத்தாழ 20 விண்மீன் ஆரங்கள் வரை தளவிளைவுத் திசை அந்தந்த இடத்துக் காந்தப்புலத்தோடு சேர்ந்து திரும்பும். அவ்வளவு தூரத்தில் புலம் எளிய இருமுனைப் புலமாகிவிடும். மேற்பரப்பில் எவ்வளவு குழப்பம் இருந்தாலும் திசையின் ஏற்ற இறக்கத்தில் காந்த அச்சின் சாய்வு தெரிவது இதனால்தான். ரேடியோ துடிவிண்மீன்களுக்காக வி. ராதாகிருஷ்ணனும் குக்கும் 1969-ல் முன்வைத்த சுழல் திசையன் மாதிரி (விண்மீன் சுழலச் சுழலத் தளவிளைவுத் திசை எப்படித் திரும்பும் என்று சொல்லும் சூத்திரம்) இங்கேயும் அழகாகப் பொருந்துகிறது. சுழல் அச்சின் சாய்வு, வானில் அதன் திசை, காந்த அச்சின் சாய்வு, தொடக்கக் கட்டம் என நான்கே அளவுகள். சமிக்ஞை பலவீனமாக இருந்தால் கோணத்தின் பிழை சீரான மணி வடிவில் இருக்காது. எனவே கோணத்துக்குப் பொருத்தாமல் க்யூ, யூவுக்கே நேரடியாகப் பொருத்துங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். வேலா எக்ஸ்-1 என்ற துடிவிண்மீனில் 2-8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முழுவதையும் சேர்த்தால் 2 சதவீதமே தெரியும். ஆனால் 3.5-ஐ ஒட்டிப் பிரித்தால், மேலும் கீழும் திசைகள் 90 பாகை விலகி நின்று ஒன்றையொன்று ரத்து செய்வது தெரியவரும். அதனால் ஆற்றல் வாரியாகவும் பிரித்துப் பார்க்காமல் எந்தச் சராசரியையும் எழுதாதீர்கள். மற்றது, 2023-ல் வெடித்துப் பிரகாசித்த எல்எஸ் வி +44 17 என்ற துடிவிண்மீன். அதை ஐஎக்ஸ்பிஇ பார்த்த இரண்டு அவதானிப்புகளும் வெவ்வேறு சாய்வுகளைக் கொடுத்தன. சில நாட்களில் விண்மீனின் அச்சு அப்படி மாறாது. துடிக்காத, நிலையான ஒரு தளவிளைவுக் கூறு, அநேகமாகச் சுற்றியுள்ள வாயுவில் சிதறி வருவது, கலந்திருக்கிறது என்று க்யூ, யூவில் ஒரு மாறிலியைச் சேர்த்ததும் இரண்டும் ஒத்துப்போயின. ஹெர்குலிஸ் எக்ஸ்-1-ல் நிலைமை வேறு. அது பிரகாசமாகியும் மங்கியும் தெரியும் 35 நாள் சுழற்சியின் வெவ்வேறு பகுதிகளில் சாய்வு மாறித் தெரிகிறது. நியூட்ரான் விண்மீனே தள்ளாடுகிறது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆகவே எல்லா அவதானிப்புகளையும் ஒன்றாகக் கொட்டாமல், முதலில் பிரகாச நிலைத் தரவை மட்டும் எடுத்து ஏழு கட்டங்களாகப் பிரித்துப் பொருத்திப் பாருங்கள். மங்கிய நிலைத் தரவை அதன் பிறகு தனியாகச் செய்யலாம்.