ராத்திரி தெரிந்த கண் காலையில் தெரியவில்லை: முகாமுக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரையும் பிபியும் உண்டு. இன்று காலை எழுந்ததிலிருந்து வலது கண் தெரியவில்லை என்கிறார். வலி இல்லை. "புரை முத்தியிருக்கும், அடுத்த மாசம் கண் முகாமில் காட்டிக்கலாம்" என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். புரை மாதக்கணக்கில் மங்க வைக்கும். ஒரே இரவில் கண்ணை மறைக்காது. ஆனால் சிலருக்கு ஒரு கண் எப்போதோ போயிருக்கும், நல்ல கண்ணில் தூசி விழுந்து மூடும்போதுதான் அது தெரியவரும். அதையும் 'திடீர்' என்றே சொல்வார்கள். நேற்று ராத்திரி வரை அந்தக் கண் தெரிந்ததா என்று அழுத்திக் கேளுங்கள்.

வண்டி வருவதற்குள் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். எந்தக் கண்ணைப் பொத்தினாலும் வலப்பாதி தெரியவில்லை என்றால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். வாய் கோணல், பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி இருந்தாலும் 108-ஐ அழைத்து, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போங்கள். ஸ்கேன் எடுக்கும்வரை நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். பிபியை இறக்கக் கூடுதல் மாத்திரையும் கூடாது.

இன்னொரு சோதனை செல்போன் டார்ச்சிலேயே நடக்கும். அறையை இருட்டாக்கி, அப்பாவைத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இடது கண்ணில் வெளிச்சம் அடித்தால் இரண்டு கண்மணியும் சுருங்கும். டார்ச்சைச் சட்டென்று வலது கண்ணுக்கு மாற்றுங்கள். அங்கே கண்மணி சுருங்கியே நிற்காமல் விரிந்தால், விழித்திரையோ பார்வை நரம்போ பலமாக அடிபட்டிருக்கிறது. புரை எவ்வளவு முற்றினாலும் இப்படி ஆகாது. கண்ணை விரிக்கும் சொட்டு மருந்து விட்டபின் இதைப் பார்க்க முடியாது. அதனால் மருத்துவரிடமும் மருந்துக்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

வலியில்லாமல் நொடியில் கண் முழுக்க இருண்டால் முதல் சந்தேகம் விழித்திரைத் தமனி அடைப்பு. கழுத்து ரத்தக்குழாயிலிருந்தோ இதயத்திலிருந்தோ வந்த ரத்தக்கட்டி அடைத்திருக்கும். இது கண்ணில் வந்த பக்கவாதம். கட்டியைக் கரைக்கும் ஊசியை யோசிப்பதே முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான். தூக்கத்தில் நடந்திருந்தால் கடைசியாக நன்றாகத் தெரிந்த நேரத்திலிருந்து கணக்கு. நேரம் தாண்டினாலும் போயே ஆக வேண்டும், அடுத்த சில நாட்களில் மூளைப் பக்கவாதம் வரும் அபாயம் அதிகம். ஈசிஜி, எக்கோ, கழுத்து டாப்ளர் (கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன்) கேட்பது அதற்காகத்தான்.

முழு இருட்டில்லாமல் மங்கலாக இருந்தால் விழித்திரையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரையில் அடைப்பாக இருக்கலாம். அதில் வரும் வீக்கத்துக்குக் கண்ணில் போடும் ஊசி உண்டு. கரிப்பொடி தூவியதுபோல் கறுப்பு இழைகள் மிதந்தால் சர்க்கரையால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கும். தலையை உயர்த்திப் படுக்க வையுங்கள். முன்பு புரை அறுவை செய்த கண்ணில் மின்னல் அடித்து, ஓரத்திலிருந்து திரை இறங்கினால் விழித்திரை பிரிகிறது. நடுப்பார்வை மிஞ்சியிருக்கும்போதே அறுவை நடந்தால்தான் முழுப் பலன். இதற்கு விழித்திரை நிபுணர் வேண்டும். சேலம்தான் பக்கம், ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு.

நம் பக்கம் அரிது என்றாலும் தவறவிடக் கூடாதது பொட்டுத் தமனி அழற்சி, அதாவது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் வரும் வீக்கம். புதிதாகத் தலைவலி, சீவும்போது தலைத்தோலில் வலி, மெல்லும்போது தாடைவலி. களியை மெல்லாமல் விழுங்குவதால் தாடைவலி வெளியே தெரியாது. கறியோ வெற்றிலை பாக்கோ மெல்லும்போது வலித்ததா என்று கேளுங்கள். ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து, சந்தேகம் பலமானால் உடனே ஸ்டீராய்டு தொடங்குவார்கள். சர்க்கரை ஏறும், ஆனாலும் தள்ளிப்போட்டால் மற்றக் கண்ணும் சில நாட்களில் போகலாம்.

கண் சிவந்து, வலியோடு வாந்தியும் விளக்கைச் சுற்றி வண்ண வளையமும் இருந்தால் கண் அழுத்தம் எகிறியிருக்கிறது. 21 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்க வேண்டியது 40-ஐத் தாண்டும். பித்த வாந்தி என்று இருந்துவிடாதீர்கள்.

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்து எதுவும் விட வேண்டாம். மாத்திரைச் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். "கண் பார்க்கணும்" என்றால் ஓபி வரிசையில் நிறுத்துவார்கள். "திடீர்னு ஒரு கண் பார்வை போச்சு, இத்தனை மணி வரை தெரிஞ்சது, சர்க்கரை, பிபி இருக்கு" என்று அவசரப் பிரிவில் சொல்லுங்கள். மருத்துவமனையில் கண்ணை விரிக்க விடும் சொட்டு மருந்தால் நல்ல கண்ணும் சில மணி நேரம் மங்கும். அப்பாவைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள்.